அமாவாசைக்கு மட்டும் எரியாத பிளக்

அத்தியாயம் 6

எலுமிச்சம்பழம் அளவே இருந்த ஒரு பொம்மை விமான எஞ்சின், வளர்ந்த மனிதர்கள் நான்கு பேரை வறண்ட ஏரிக்கு நடுவில் காலை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தது. அதற்கு எரிய மனமில்லை.

தசரதன் விசிறியை விரலால் சுண்டினார். "டக்" என்றது. மறுபடி சுண்டினார். மறுபடியும் "டக்." அதோடு சரி.

"நம்ம ஆபீஸ் போன் மாதிரியே இருக்குதுக்கா. அடிக்கப் போற மாதிரி ஒரு சத்தம் வரும், அப்புறம் அடிக்காது" என்றேன்.

"வாய மூடு பாலு" என்றார் திலகவதி அக்கா. ஆனால் அவர் கண் எஞ்சின் மேல் இல்லை. விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த உயரமான மனிதரின் மேல் இருந்தது.

ஆரணி பஜாரில், ஒரு ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் "திலகம் துப்பறியும் நிலையம்" என்று எங்கள் போர்டு தொங்கும். பெயரைப் பார்த்துவிட்டு யாரும் கொலைக் கேஸ் கொண்டுவருவதில்லை. வருவதில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பு. பையன் குடிப்பானா, செய்யாரில் கம்பெனி வேலை என்பது நிஜமா, தேசூர்ப் பக்கம் ஏதாவது பழைய பழக்கம் உண்டா, இப்படி. அக்காதான் துப்பறிவாளர். நான் பாலு, முன்னாள் ஸ்கூட்டர் மெக்கானிக், இந்நாள் உதவியாளர். எனக்கு வாய் ஓயாது. அறையில் தனியாக இருக்கிறவனுக்கு வெளியே வந்தால்தானே பேச முடியும்?

விமானத்துக்குச் சொந்தக்காரரான தசரதன் பட்டு வியாபாரி. அறுபதைத் தாண்டியவர், குள்ளம், எப்போதும் வெள்ளைச் சட்டை. காலேஜில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது பிடித்த பைத்தியம் இது. அப்பா கூப்பிட்டுக் கடையில் உட்கார வைத்தார். உட்கார்ந்தார், பைத்தியத்தை மட்டும் விடவில்லை.

இது ரிமோட்டில் பறக்கிற விமானம் இல்லை. இறக்கையிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டு நீளமாக வரும். அவற்றின் முனையில் இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் நடுவில் நிற்பார். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். எஞ்சின் பிடித்ததும் விமானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும், அவர் கை காட்டியதும் விடவும் இன்னொரு ஆள் கண்டிப்பாக வேண்டும். ஒற்றை ஆளாக ஆட முடியாத விளையாட்டு.

அந்த இன்னொரு ஆள் தனகோடி. தசரதனின் தறிச்செட்டுக்கு, அதாவது நெசவுக் கொட்டகைக்கு, பொறுப்பான நெசவாளி. எங்கள் ஊரில் தறிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அமாவாசை அன்றுதான் தறி நிற்கும். தனகோடிக்கு அன்றுதான் ஒழிவு என்பதால் விமானமும் அமாவாசைக்கு அமாவாசைதான் பறந்தது. வருஷக்கணக்காக அப்படித்தான். போன பங்குனி வரைக்கும்.

பங்குனி அமாவாசைக்கு எஞ்சின் எரியவில்லை. சித்திரைக்கும் எரியவில்லை. இன்று வைகாசி. தசரதன் எங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான். அவர் சொன்னதில் கொக்கி என்னவென்றால், மற்ற நாளில் எஞ்சினைப் பற்ற வைக்கிற கருவி ஒழுங்காக எரிந்தது.

"பாலு, நீ மெக்கானிக் தானே? வெறும் வாயாடி இல்லன்னு காட்டு" என்றார் அக்கா.

நான் முட்டி போட்டேன். ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. ஸ்கூட்டர் பிளக் ஓயாமல் பொறி தட்டும். இதன் பெயர் குளோ பிளக். இதில் பொறி கிடையாது. உள்ளே ஒரு சுருள் கம்பி. அதைப் பழுக்க வைக்கிற வேலை இக்னிட்டருடையது. கட்டைவிரல் தடிமனில் ஒரு குழல், உள்ளே சார்ஜ் ஏற்றுகிற செல் ஒன்று, நுனியில் பிளக்கின் தலையைக் கவ்வும் கிளிப். கம்பி பழுத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்த பிறகு இக்னிட்டரை எடுத்துவிடலாம். எஞ்சின் தன் சூட்டிலேயே கம்பியைப் பழுக்க வைத்துக்கொண்டு ஓடும்.

பிளக்கைக் கழற்றித் துடைத்து இக்னிட்டரை மாட்டினேன். கம்பி கறுப்பாகவே இருந்தது. என் டார்ச்சிலிருந்து ஒரே ஒரு செல்லை எடுத்து, இரண்டு ஒயர்த் துண்டால் தொட்டேன். கம்பி சிவந்தது, ஆரஞ்சாகி, உடனே மங்கியது.

"பிளக் நல்லா இருக்குது. கிளிப்பு பளபளன்னு இருக்குது, பிடிப்பும் கெட்டி. அப்ப இக்னிட்டருக்குள்ள உயிர் இல்ல" என்றேன்.

"அந்த டார்ச் செல்ல வெச்சே ஸ்டார்ட் பண்ணிடலாமே?" என்றார் அக்கா.

"நீங்களே பார்த்தீங்களே மேடம், பழைய செல்லு. நான் விசிறிய சுண்டறதுக்குள்ள படுத்துடும். ரெண்டா சேர்த்து வெச்சா கம்பி கருகிடும்" என்றார் தசரதன். பிறகு எழுந்து, எங்கள் இருவரையும் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தார். தனகோடி விமானத்தின் வாலைப் பிடித்தபடியே இருந்தார். பிடிக்க அவசியம் இல்லை. விடச் சொல்ல ஆள் இல்லாததால் பிடித்துக்கொண்டிருந்தார்.

கருவேல மர நிழலில் தசரதன் குரலைத் தாழ்த்தினார்.

"அவன்தான் மேடம். எனக்கு சந்தேகமே இல்ல. பிளக்க மாத்திட்டேன். செல்லையும் புதுசு போட்டுட்டேன். ரேடியோ ரிப்பேர் கடையில குடுத்தா, 'நல்லாத்தானே எரியுது'ன்னு எரிய வெச்சே காட்றான். ஆனா அமாவாசைக்கு மட்டும் செத்துடுது. முந்தின நாள் சாயங்காலம் நானே என் கையால செட்டுல சார்ஜ் போடறேன். ராத்திரி பூரா ஏறுது. காலையில எடுத்தா காலி. செட்டு சாவி அவன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. மூணாவது சாவி கெடையாது."

"அவருக்கு இதுல இன்னா லாபம்?" என்றார் அக்கா.

"நான் வெறுத்துப்போயி பெங்களூருக்கு பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா, செட்டு அவன் கையில. என் பொண்ணு சரண்யா வேற தெனமும் கூப்பிடறா, 'தனியா இன்னாப்பா பண்ணிகினு இருக்கே'ன்னு. ரேணு மாசியில போனா. அவ இருந்த வரைக்கும் இவன் வால சுருட்டிகினு இருந்தான். அவ போனதும் ஆரம்பிச்சுட்டான்."

ரேணு என்றது மாசியில் இறந்துபோன அவர் மனைவி ரேணுகாம்பாளை.

"அவங்களுக்கு விமானம் பிடிக்குமா?"

தசரதன் சிரிப்பது போல உதட்டை இழுத்தார். "பிடிக்கறதா? இந்த எண்ணெய் நாத்தம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு என் சாமான் அத்தனையும் தறிச்செட்டு மூலைக்குத் தள்ளினவ அவ. ஒரு நாளும் ஏரிக்கு வந்து பார்த்ததில்ல. திரும்பி வீட்டுக்குப் போனா, 'எரிஞ்சுதா?'ன்னு ஒரு கேள்வி. அவ்ளோதான். பறந்துச்சான்னுகூட கேட்டதில்ல. எரிஞ்சுதா? நக்கலு."

அக்கா கேட்டார்: "காலையில இக்னிட்டர சார்ஜர்லேர்ந்து எடுக்கறப்ப, கைக்கு சூடா இருந்துச்சா, சில்லுனு இருந்துச்சா?"

தசரதன் விழித்தார். "சில்லுனுதான் இருந்துச்சு."

"போன வருஷம் எல்லாம்?"

"போன வருஷம்..." அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்கும். மழை நாள்ல கையில வெச்சுக்க சுகமா இருக்கும்."

"சார்ஜ் போடறதுக்கு முன்னாடி அதுல மிச்சம் ஏதாவது இருக்குமா?"

"இருக்கவே கூடாது மேடம். அரைகுறையா இருக்கறப்ப சார்ஜ் ஏத்தினா இந்த செல்லு சோம்பேறி ஆயிடும். டார்ச் பல்பு மாட்டி, சுத்தமா காலி பண்ணிட்டுத்தான் போடுவேன்." அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

"சரி. செட்டுக்குப் போலாம்" என்றார் அக்கா.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க மேடம். சாயங்காலம் அவன்கிட்ட சாவிய வாங்கிகினு கணக்கு தீர்த்துடப் போறேன். அப்பறம் செட்ட பூட்டிட்டு பெங்களூருதான். இனிமே இங்க எனக்கு இன்னா இருக்குது?"

ஊரில் அவருக்கு நூறு பேரைத் தெரியும். கடைக்கு வருகிறவர்கள், சங்கத்துக்காரர்கள், பங்காளிகள். ஆனால் அவர் வாய் விட்டுப் பேசுகிற ஒரே ஆளைத்தான் இன்று சாயங்காலம் துரத்தப் போகிறார் என்பது, பார்த்த கொஞ்ச நேரத்தில் எனக்கே புரிந்துவிட்டது. சொன்னால் அக்கா முறைப்பார் என்று சும்மா இருந்தேன்.

விமானத்தைத் தனகோடி தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க தங்கச்சி பொண்ணுக்கு மாப்ள விசாரிச்சு குடுத்தது நீங்கதானே?" என்றார்.

"ஆமா. நல்ல பையன்னு சொன்னோமே."

"நல்ல பையன்தான். இப்ப இன்னா, மொதலாளி என்ன விசாரிக்கச் சொன்னாரா?"

நான் பேசாமல் நடந்தேன். என் வாய்க்கு வேலை இல்லாமல் போன அபூர்வமான சமயங்களில் அது ஒன்று.

தறிச்செட்டு ஓடு வேய்ந்த நீண்ட கட்டடம். உள்ளே குழித்தறிகள் வெள்ளைத் துணி போர்த்தி நின்றன. கூரையில் அங்கங்கே பதித்த கண்ணாடி ஓடுகள் வழியாகப் பகல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. தினமும் சடக்சடக்கென்று சத்தம் போடுகிற இடம், அன்று என் மூச்சு எனக்கே கேட்கிற மாதிரி இருந்தது.

நான் ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"செருப்பு!" என்று தனகோடி போட்ட சத்தத்தில் அந்தக் காலை அப்படியே தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். "தறி இருக்கற எடம். செருப்பு வெளிய விடுங்க. மொதலாளியே வெளியதான் விடுவாரு."

விட்டேன். வெறுங்காலோடு உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், தனகோடி உயரம் இருந்தால்தான் எட்டும் இடத்தில், இரும்புக் கைப்பிடி வைத்த பழைய மெயின் சுவிட்ச் பெட்டி. அதற்கு நேர் கீழே ஒரு முக்காலி. முக்காலியின் மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"இன்னாங்க அநியாயம்! எனக்கு மட்டும் சட்டமா? இங்க ஒரு ஜோடி முக்காலி போட்டு உக்காந்துகினு இருக்குது!"

தனகோடியின் முகம் மாறியது. அக்கா செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, வாயை மூடச் சொல்லவில்லை.

மறுகோடியில் தசரதனின் மூலை. மரத்தகடு, கோந்து, பாதியில் நிற்கிற ஓர் இறக்கை, எண்ணெய் நெடி. சுவரில் சார்ஜர், ஒரு வெறும் கறுப்புப் பெட்டி. எரிகிறதா இல்லையா என்று காட்ட அதில் சின்ன விளக்குகூட இல்லை. அக்கா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சாமி படங்களுக்கு முன்னால் போய் நின்றார். வாயகன்ற பெரிய அகல் விளக்கில் திரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே மாட்டியிருந்த சிவப்பு சீரோ வாட் பல்பு அணைந்திருந்தது.

"தனகோடி, இந்த பல்பு பீஸ் போச்சா?"

"இல்ல மேடம். ராவும் பகலும் எரியும். அமாவாசைக்கு மட்டும் அகலு வெச்சுட்டுப் போவேன்."

"ஏன்?"

"மெயின அணைச்சுடுவேனே? தறிக்கு ஓய்வுன்னா கரண்ட்டுக்கும் ஓய்வு. முந்தின நாள் பொழுது சாய, தறிக்குக் கற்பூரம் காட்டி, மெயின அணைச்சு, அகலு ஏத்திட்டு பூட்டிகினு போவேன். எங்கப்பா கத்துக் குடுத்தது. மத்த நாள்ல அணைக்கறதில்ல."

அக்கா சுவரில் இருந்த டியூப் லைட் சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "இக்னிட்டர யாரும் காலி பண்ணலக்கா! அது ஏறவே இல்ல! இவரு அஞ்சே முக்காலுக்கு சார்ஜ் போட்டுட்டுப் போறாரு, அவரு ஆறு மணிக்கு மெயின அணைச்சுட்டுப் போறாரு. காலையில கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துல எடுத்துகினு போனா கரண்ட் இல்லாதது எப்படித் தெரியும்? மறுநாள் மெயின் ஆன், மறுபடி போட்டா ஏறிடுது. அதனால ரேடியோ கடையில ஜம்முனு எரியுது. கேஸ் முடிஞ்சுது, ஜல்தியா கெளம்பினா டிபன் சாப்பிடலாம்."

"முடியல" என்றார் அக்கா.

முடியவில்லை என்பதைத் தசரதனின் முகமே சொன்னது. அது சிவந்துபோய்க் கிடந்தது. "பார்த்தீங்களா மேடம்? நான் சொன்னேனே, அவன்தான்னு! நான் சார்ஜ் போட்டிருக்கறது தெரிஞ்சே அணைச்சிருக்கான்!"

"மொதலாளி..." தனகோடி ஒரு அடி முன்னால் வந்தார். "அந்த பொட்டியில இன்னா ஏறுது, எறங்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நான் இந்த செட்டுக்கு வந்த நாளா அணைச்சுகினுதான் இருக்கறேன். இன்னிக்கு நேத்து பழக்கமா இது?"

"பொய்! வந்த நாளா அணைச்சேன்னா, இத்தினி வருஷம் எப்படி எரிஞ்சுது? போன தை அமாவாசைக்கு எப்படி எரிஞ்சுது? சொல்லு!"

தனகோடியின் கை இடுப்புக்குப் போனது. அங்கே செருகியிருந்த சாவியை எடுத்தார். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிற ஆள் அவர் என்று தெரிந்தது. எனக்கு அந்த நிமிஷம் அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

"அந்த கேள்வி நல்ல கேள்வி" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. தனகோடி, போன வருஷம் வரைக்கும், அமாவாசை முடிஞ்சு மறுநாள் காலையில நீங்க செட்ட தெறக்கறப்ப மெயின் எப்படி இருக்கும்?"

"ஆன்ல இருக்கும் மேடம்."

"நீங்க அணைச்சுட்டுப் போன மெயினா?"

"ஆமா. மொதலாளி ஏதாவது வேலைக்குப் போட்டிருப்பாருன்னு நெனச்சுக்குவேன். அவரு செட்டு, அவரு கரண்ட்டு. நான் இன்னா கேக்கறது?"

"இப்ப ரெண்டு மூணு மாசமா?"

"அணைச்சது அணைச்ச மாதிரியே இருக்குது. நான்தான் போட்டுக்கறேன்."

அக்கா தசரதனின் பக்கம் திரும்பினார். "நீங்க மெயினப் போட்டீங்களா?"

"நானா? அது எனக்கு எட்டவே எட்டாது மேடம். இந்த மெயின நான் ஒருநாளும் தொட்டதில்ல."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். பக்கத்து வீட்டு மிக்ஸியும் அதே சமயம் நின்றது.

"மூணாவது சாவி இல்லன்னீங்க" என்றார் அக்கா மெதுவாக. "உங்க சாவி வீட்ல எங்க தொங்கும்?"

"பூஜை ரூம் ஆணியில."

"அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்க வீட்டம்மா எங்கயாவது போவாங்களா?"

"கோயிலுக்குப் போவா. மாசா மாசம் தவறாம..." தசரதனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அமாவாசைக் கோயிலுக்கு அமாவாசை அன்னைக்குத்தானே போவாங்க? முந்தின நாள் ஏன் போகணும்?"

அக்கா முக்காலியைக் காட்டினார்.

"குள்ளமான ஒருத்தருக்கு மெயின் எட்டாது. முக்காலி வேணும். ஷாக் அடிக்கும்னு பயம், அதனால ரப்பர் செருப்பு வேணும். தறி இருக்கற எடத்துல செருப்புக் காலோட நடக்கக் கூடாதுன்னு மரியாதையும் இருக்குது. அதனால செருப்பு தரையில படாம முக்காலி மேலயே இருக்குது. ஏறறப்ப போட்டுகினு, எறங்கறப்ப அங்கயே விட்டுட்டு வந்திருக்காங்க."

தசரதன் போய் அந்தச் செருப்பைக் கையில் எடுத்தார். தூசி படிந்திருந்தது. ஒரு வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தது.

"ஊக்கு நான்தான் குத்திக் குடுத்தேன்" என்றார். "அப்பறம் ஒரு நாள், எங்கடி அந்த செருப்புன்னு கேட்டேன். தூக்கிப் போட்டுட்டேன்னா."

தனகோடி தரையைப் பார்த்தபடி பேசினார். "மொதலாளியம்மாதுன்னு எனக்குத் தெரியும் மொதலாளி. எதுக்கு வெச்சிருக்காங்கன்னுதான் தெரியாது. அவங்க போனதுக்கு அப்பறமும் எடுத்து வெளிய போட கை வரல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒருவாட்டி என்னக் கேட்டாங்க, 'நாளைக்கு லீவுன்னா மெயின அணைச்சுடுவியாப்பா?'ன்னு. ஆமாம்மா, எங்கப்பா காலத்துப் பழக்கம்ன்னேன். சரிப்பான்னுட்டுப் போயிட்டாங்க. அணைக்காதேன்னு ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா உங்க பழக்கம் போயிடும். அவரு கிட்ட சொன்னா உங்களத் திட்டுவாரு. ரெண்டும் வேணாம்னு அவங்களே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் அக்கா.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் தசரதன். "நான் அவள... நக்கலுன்னு நெனச்சேன். எரிஞ்சுதான்னு கேப்பா. நான் மூஞ்சிய திருப்பிகினு, எரிஞ்சுது எரிஞ்சுதுன்னு கத்துவேன். ஒரு வாட்டிகூட ஒழுங்கா பதில் சொன்னதில்ல மேடம்."

அழுதார். சத்தமில்லாமல், செருப்பைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். வெள்ளைச் சட்டையில் தூசி அப்பியது. சகஜமாக்குகிறேன் என்று வாயைத் திறந்தேன்.

"அவ்ளோதானே சார்? இனிமே தனகோடியண்ணன் மெயின அணைக்காம விட்டாப் போதும். பிரச்சன தீர்ந்துது."

அக்கா என் காலை மிதித்தார். வெறுங்கால் என்பதால் வலி பிரமாதமாக இருந்தது.

தசரதன் கையை நீட்டினார். தனகோடி சாவியை அந்தக் கையில் வைத்தார். தசரதன் அதைப் பார்த்தார். பிறகு தனகோடியின் கையைப் பிடித்து, சாவியை அதில் திருப்பி வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"நீ எப்பவும் போல அணைச்சுட்டுப் போ தனகோடி. உங்கப்பா பழக்கத்த விடாத. அப்பறமா நான் வந்து போட்டுக்கறேன்."

"மொதலாளி, உங்களுக்கு எட்டாது."

"தெரியும்."

செருப்பை முக்காலியின் மேல் வைத்து ஏறினார். அது அவர் காலுக்குச் சின்னது. குதிகால் இரண்டும் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றன. முக்காலி ஆடியது. ஏரியில் விமானத்தின் வாலைப் பிடிக்கிற மாதிரியே தனகோடி குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். தசரதன் இரும்புக் கைப்பிடியைத் தூக்கினார். சாமி படத்துக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தது. மூலையில் சார்ஜர் மெல்ல முனகத் தொடங்கியது.

பொழுது சாயும்போது மறுபடி ஏரிக்குப் போனோம். இக்னிட்டர் என் கையில் வெதுவெதுவென்று இருந்தது. மாட்டினேன். விசிறியை ஒரே ஒரு சுண்டு. எஞ்சின் வீறிட்டது. இக்னிட்டரைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்தேன். தசரதன் நடுவில் போய் நின்று கை காட்ட, தனகோடி விட்டார். சிவப்பு விமானம் கிளம்பி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவரும் அதோடு சுற்றினார். எண்ணெய் தீர்ந்து அது இறங்கியபோது ஏரி முழுக்க அப்படி ஒரு நிசப்தம். அவர் கைப்பிடியை விடாமல், ஊர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வது என்று நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் அறைக்குப் போனால் சொல்ல ஆள் கிடையாது.

கிளம்பும்போது அக்கா அவரிடம் எங்கள் கார்டைக் கொடுத்தார். "அடுத்த அமாவாசைக்கு இந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார்.

ஆனி அமாவாசை அன்று எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. அக்கா காலையிலேயே ஆபீசுக்கு வந்துவிட்டார். டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிடாமல், படித்த பேப்பரையே திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். அவர் புருஷன் விட்டுவிட்டுப் போய் எத்தனையோ வருஷம். வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது ஒரு பூட்டு மட்டும்தான். அதைப் பற்றி நான் ஜோக் அடிப்பதில்லை.

மத்தியானம் போன் ஒரு தடவை "டிங்" என்று முனகி அடங்கியது.

"வழக்கம் போலத்தான்" என்றேன்.

மறுபடி அடித்தது. இந்தத் தடவை நிற்காமல் அடித்தது. நான் எழுவதற்குள் அக்கா எடுத்துவிட்டார். ஹலோ சொல்லவில்லை, யார் என்று கேட்கவில்லை.

"எரிஞ்சுதா?" என்றார்.